பள்ளத்தில் விழுந்த சமையல்காரன்

பதிப்பகத்தில் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர். முகத்துக்கு நேரே ‘அக்கா’ என்பார்கள். முதுகு திரும்பியதும் ‘கேள்விக்குறி இன்னைக்கு எப்படி, சுமுகமா?’ என்று விசாரித்துக்கொள்வார்கள். அவளுக்கு இது தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வதில் ஒரு வசதி உண்டு என்பது அவளுடைய கட்சி.

பெயர் சும்மா வரவில்லை. இருபத்தாறு வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறாள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் வரி விடாமல் படித்துத் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் திருத்துவாள். சந்தேகம் என்றால் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. வயிறு முட்டச் சாப்பிட்டுக் கிளம்பியவன் அடுத்த பக்கத்தில் பசியால் துடித்தால் கேள்விக்குறி. வலது கையில் காயம் பட்டவள் மூன்று வரி தள்ளி அதே கையால் கதவை உடைத்தால் கேள்விக்குறி. ஆசிரியர்கள் பல்லைக் கடிப்பார்கள், ஆனால் வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள்.

வேலை கூடவே வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒரு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, என்ன பழுது என்று அவள் வரிசையாகக் கேட்டாள்.

“எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவுல ஒரு பல் டாக்டர் மாட்டிக்கிட்டார். வேணும்னா அவர் நம்பர் தரேன், கேட்டுக்கோ” என்றார் அவர் எரிச்சலாக.

அவள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். கூப்பிடவில்லை. இருந்தாலும் இருக்கட்டுமே.

ஊரையே சந்தேகப்படுகிற இவளிடமும் ஒரு கள்ளத்தனம் இருந்தது. பதினோரு வருஷமாக, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அந்தப் பதிப்பகத்துக்குச் சோறு போட்டது ஒரு மாயக்கதை வரிசை. ஒரு நாட்டின் மழைக்காலத்தை ஒரு மந்திரவாதி திருடிப் பெட்டியில் பூட்டிவிடுகிறான். இளவரசி ஒருத்தி சிறு கூட்டத்தோடு அதைத் தேடிப் போகிறாள். மொத்தம் ஏழு புத்தகம் என்று முதலிலேயே பேச்சு. எழுதியவரை அலுவலகத்தில் மழையம்மா என்பார்கள். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பித்தானையே பார்க்கிற பழக்கம். இந்தப் பெண்மணியா இருநூறு பேர் சாகிற போரை எழுதினார் என்று முதலாளியே வியப்பார்.

முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஓர் ஆசிரியர், தன் புத்தகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டதில் வந்த சட்டம். கடைசி மெய்ப்பில் எதை மாற்றினாலும் பக்கத்தில் ஆசிரியரின் சின்னக் கையெழுத்து, அதுவும் பச்சை மையில், இருந்தே ஆக வேண்டும். இல்லாமல் ஒரு காற்புள்ளி நகர்ந்தால்கூட வேலை போய்விடும். ஒருத்தருக்குப் போயும் இருக்கிறது. அந்தத் தாள்கள் எல்லாம் கட்டுக் கட்டாகக் கிடங்கில் பத்திரமாக இருக்கும்.

முதல் புத்தகத்தின் கடைசி மெய்ப்பு வந்த சமயம் மழையம்மாவின் தாயார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாள்களை அங்கேயே கொடுத்தனுப்பினார்கள். பதினாலு திருத்தம், பதினாலு பச்சைக் கையெழுத்தோடு மறுநாள் திரும்பி வந்தன. அச்சகத்துக்கு ஐந்து மணிக்குப் போக வேண்டும். நாலு மணிக்குக் கடைசியாக ஒரு தடவை புரட்டியவள் பதினாறாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டாள்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் பாலம் அறுந்து கழுதைக்காரன் பள்ளத்தில் விழுகிறான். பதினாறாவது அத்தியாயத்தில் அதே கழுதைக்காரன், மயங்கிக் கிடக்கிற இளவரசிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். செத்தவன் எப்படித் தண்ணீர் கொண்டுவருவான்? மூன்று மெய்ப்பிலும் இது அவள் கண்ணில் படவில்லை. கேள்விக்குறியின் கண்ணில்.

மழையம்மாவுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குச் செய்தாள். தீவிரச் சிகிச்சைப் பிரிவு, இப்போது கூப்பிட முடியாது என்றார்கள். முதலாளியிடம் சொன்னால், இவ்வளவு நாள் நீ என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்பார். மணி நாலே கால். பதினாறாவது அத்தியாயத்தில் ‘கழுதைக்காரன்’ என்ற சொல் ஐந்து இடத்தில் வந்தது. ஒன்பதாவதில் ஒரே இடம். ஐந்து பொய்க்கு ஒரு பொய் மேல் அல்லவா. ஒன்பதாவதில் கழுதைக்காரனை அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘சமையல்காரன்’ என்று எழுதினாள். அதற்கும் ஏழு எழுத்து, இதற்கும் ஏழு எழுத்து. வரி உடையாது, பக்கம் நகராது. அந்தச் சமையல்காரன் அதுவரை ஒரே ஓர் இடத்தில்தான் வந்திருந்தான். மூன்றாவது அத்தியாயத்தில் ‘உப்பு இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறதே’ என்று முணுமுணுப்பான், அவ்வளவுதான். போனால் போகிறான் என்று அவனைப் பள்ளத்தில் தள்ளினாள்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, பக்கத்தில் மழையம்மாவின் சின்னக் கையெழுத்தைப் போட்டாள். பதினாலு மாதிரி கண்ணெதிரே இருந்ததால் பதினைந்தாவது அச்சு அசலாக வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த ஒரே திருட்டு அது.

யாருக்கும் தெரியவில்லை. புத்தகம் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. விஷயம் இதோடு முடிந்திருந்தால் அவளும் மறந்திருப்பாள். ஆனால் இரண்டாவது புத்தகத்தில் கழுதைக்காரன் மறுபடியும் வந்தான்.

துணைப் பாத்திரம் எப்படி வளர்கிறது என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும். முதல் புத்தகத்தில் அவன் தண்ணீர் கொண்டுவருவான். இரண்டாவதில், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவனைக் கேட்பார்கள். மூன்றாவதில் அவன் எங்கே என்று கேட்பார்கள். வாசகர்களும் சேர்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவனை யாராலும் அசைக்க முடியாது. அவள் வீட்டுக்காரர், பிறந்ததிலிருந்து லிஃப்ட் கையேடுகளைத் தவிர வேறெதையும் படிக்காத மனுஷர், கழுதைக்காரனுக்காகவே அந்தப் புத்தகங்களைப் படித்தார்.

“அவன் ஒருத்தன்தான் அதுல வேலை செய்யறான். மத்தவங்க எல்லாம் நடந்துக்கிட்டே பேசறாங்க” என்பார்.

அவளுக்கு அது பெருமையாக இருந்தது. தான் காப்பாற்றிய ஆள் அல்லவா. பெருமை ஒரு புத்தகம்தான் நீடித்தது. மூன்றாவதில், குளிர் காய்கிறபோது கழுதைக்காரன் இளவரசியிடம் சொல்கிறான்: ‘அந்தப் பாலத்தில் நான்தான் விழுந்திருக்க வேண்டும். யாரோ என் பெயரை அடித்துவிட்டார்கள்.’

அந்த வரியில் அவள் கண் நின்றுவிட்டது. பெயரை அடித்துவிட்டார்கள். பாலம் அறுந்து விழுகிறதற்கும் பெயரை அடிக்கிறதற்கும் என்ன சம்பந்தம்? வேறு எந்த வரியாக இருந்தாலும் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பாள். இதற்கு மட்டும் போடாமல் பக்கத்தைத் திருப்பினாள். திருப்பிய விரலில் சிவப்பு மை ஒட்டியிருந்தது.

நாலாவது புத்தகத்தில் ஓர் அரச ஆணை வருகிறது. எல்லாரும் நம்புகிறார்கள். கழுதைக்காரன் மட்டும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ‘கை அரசியின் கைதான். ஆனால் அரசி இதைப் போடவில்லை’ என்கிறான். ஐந்தாவதில் அவனுக்கு ஒரு பழக்கம் முளைக்கிறது. படுக்கும் முன் கூட்டத்தில் இருக்கிறவர்களை எண்ணுவான். எண்ணி முடித்து ‘ஒருவன் குறைகிறான்’ என்பான். ஆறாவதில் அரசியின் முத்திரையையே அவனிடம் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் இளவரசி பின்னால் போய்விட்டாள். முன்னால் கழுதைக்காரனும் கழுதையும்.

இது போதாதா? மழையம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே பூனை எலியை வைத்திருக்கிற மாதிரி வைத்திருக்கிறார். நேரே கேட்காமல் புத்தகம் புத்தகமாகக் குத்திக்காட்டுகிறார்.

அவள் ஒரு நோட்டில் சந்தேகங்களைக் குறிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கையெழுத்துப் படியும் வரும்போது மழையம்மா, ‘அவங்கதான் பாக்கணும், வேற யாரும் வேண்டாம்’ என்று முதலாளியிடம் வற்புறுத்துகிறாராம், ஏன்? வெளியீட்டு விழாவில் எல்லாருக்கும் ‘அன்புடன்’ என்று எழுதிக் கொடுத்தவர், இவளுக்கு மட்டும் ‘எதையும் விடாமல் படிப்பவருக்கு’ என்று எழுதினார், ஏன்? பக்கம் அமைக்கிறவர் ஒரு நாள் கணினியிலிருந்து தலையைத் திருப்பி, “அக்கா, உங்க கழுதைக்காரன் வந்துட்டான்” என்றார். ‘உங்க’ என்றால் என்ன அர்த்தம்?

“என் கழுதைக்காரன்னு யார் சொன்னா?” என்று பிடித்துக்கொண்டாள்.

“யாரும் சொல்லலைக்கா. அவன் வந்தா நீங்க மட்டும் மெதுவா படிக்கறீங்க. அதான் சொன்னேன்.”

அன்றிலிருந்து கழுதைக்காரன் வரும் பக்கங்களை அவள் வேகமாகப் படித்தாள். அதில் இரண்டு எழுத்துப்பிழை தப்பிப் போனது.

ஏழாவது புத்தகம் இந்த வருஷம் வந்தது. கையெழுத்துப் படியில் இருபத்தொன்பது அத்தியாயம் இருந்தது. முப்பதாவது, கடைசி அத்தியாயம், இல்லை. முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“கடைசி அத்தியாயத்தை எழுத முடியலையாம். உங்களை நேர்ல பாக்கணும்னு சொல்றாங்க. நாளைக்குக் காலைல அவங்க வீட்டுக்குப் போயிட்டு வந்துடுங்க.”

“என்னை எதுக்கு சார்?”

“எனக்கு என்ன தெரியும். அப்புறம், முதல் புத்தகத்தோட கடைசி ப்ரூஃப் கட்டு வேணும்னாங்க. போன வாரமே கிடங்குல எடுத்துக் கொடுத்து அனுப்பிட்டேன்.”

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி ஒன்றும் கவனிக்கவில்லை. அல்லது கவனிக்காத மாதிரி இருந்தார். கிடங்குக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வருஷத்து அடுக்கில் ஒரு கட்டு அகல இடம் காலியாக இருந்தது. இரண்டு பக்கத்துக் கட்டுகளும் அதன் மேல் சாய்ந்து கிடந்தன.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப கழுதைக்காரனை நீதான் காப்பாத்தினியா?” என்றார் முதலில். அவர் கவலை அவருக்கு.

“வேலை போகப் போகுது, உங்களுக்குக் கழுதைக்காரன்.”

“சரி, சமையல்காரனை ஏன் தள்ளின?”

“சொன்னேனே. அங்க ஒரு இடம், இங்க அஞ்சு இடம்.”

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். “லிஃப்ட்ல சத்தம் வந்தா, சத்தம் கேக்கற இடம் ஒண்ணு இருக்கும், தேய்ஞ்ச இடம் ஒண்ணு இருக்கும். கைக்கு எட்டறதுதானேன்னு புதுப் பசங்க கேக்கற இடத்துல எண்ணெய் விட்டுட்டு வருவானுங்க. அப்புறம் நான் போவேன்.”

“இப்ப லிஃப்ட் பத்தி எதுக்குப் பேசறீங்க?”

“எனக்கு அதுதானே தெரியும்” என்றார். அவரையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் படுத்தாள்.

மழையம்மா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாள். ‘சாவி’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சமையலறை நிலையில் ‘அடுப்பு அணைத்தாயா?’ என்று ஒன்று. போனுக்கு மேலே ‘ஒரு தடவை பேசியாச்சு, மறுபடி கூப்பிடாதே’ என்று தேதி போட்டு ஒன்று. எழுத்தாளர்கள் கிறுக்குப் பிடித்தவர்கள்தான், ஆனால் இது எதற்கு? அவள் எல்லாவற்றையும் படித்தாள். படிக்காமல் இருக்க அவளால் முடியாது.

மேஜை மேல் அந்தக் கட்டு அவிழ்ந்து கிடந்தது. ஒன்பதாவது அத்தியாயம் மேலே இருந்தது. பதினோரு வருஷத்தில் பச்சை மை கொஞ்சம் பழுத்திருந்தது, ஆனால் மறையவில்லை.

மழையம்மா உட்காரச் சொல்லவில்லை. தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “நீங்க இத்தனை வருஷமா என் கையெழுத்தைப் பாத்திருக்கீங்க. இது என்னுதுதானே? நல்லா பாத்துச் சொல்லுங்க” என்றார். அவர் கண் இவளுடைய சட்டைப் பித்தானில் இருந்தது.

ஆக, கண்ணி வைத்தாயிற்று. இப்படித்தான் கேட்பார் என்று நினைத்தது சரியாகப் போயிற்று. ஆனால் அடுத்த நொடியே அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கேட்கிறாரே தவிர, உறுதியாகத் தெரியாது போலிருக்கிறது. ‘உங்களுதுதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வேலைக்கும் ஆபத்தில்லை, பெயருக்கும் ஆபத்தில்லை. இந்த வீட்டில் வேறு சாட்சி கிடையாது.

“ஏம்மா கேக்கறீங்க?” என்றாள், நேரம் கடத்த.

மழையம்மா ஜன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

“பதினாலு இடத்துல போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரி வராண்டாவுல, கால் ஆடற ஒரு நாற்காலில உக்காந்து போட்டேன். ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. இது பதினஞ்சாவது. இது மட்டும் ஞாபகம் இல்லை. நான் போட்டிருக்கவே மாட்டேன். சமையல்காரனை நான் எப்படிக் கொல்லுவேன்? ஏழு புத்தகத்துக்கும் அவனைத்தானே நம்பியிருந்தேன்.”

“சமையல்காரனையா?”

“மழைக்காலம் பூட்டின பெட்டிக்குச் சாவி அவன்கிட்டதான். அவனுக்கே தெரியாது. உப்பு டப்பாவுக்குள்ள, அடியில கிடக்கு. டப்பால பாதிக்கு மேல சாவிதான், அதனாலதான் உப்பு சீக்கிரம் தீர்ந்துபோகுதேன்னு மூணாவது அத்தியாயத்துல முணுமுணுக்கறான். கழுதைக்காரன் பாலத்துல போயிடுவான். சமையல்காரன் கழுதைகளை ஓட்டிக்கிட்டு, தண்ணி எடுத்துக்கிட்டு, அப்படியே பெரிய ஆளா வருவான். அதுதான் கதை. அச்சான புத்தகம் கைக்கு வந்து ஒன்பதாவது அத்தியாயத்தைப் படிக்கறேன், சமையல்காரன் விழறான்.”

பதினாறாவது அத்தியாயம் அவள் மனசுக்குள் திறந்துகொண்டது. கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவன் தண்ணீர் கொண்டுவருகிறான். கழுதையை ஓட்டி வந்ததால், களைத்த கை பழக்கத்தில் ‘கழுதைக்காரன்’ என்று எழுதிவிட்டது. தப்பு பதினாறில் இருந்தது. அவள் திருத்தியது ஒன்பதில்.

“அப்புறம் என்ன பண்றது?” என்று மழையம்மா தொடர்ந்தார். “சமையல்காரனுக்கு வெச்சிருந்த வேலை எல்லாத்தையும் கழுதைக்காரன் தலையில கட்டினேன். பாவம், அவன் சுமந்தான். எல்லாரும் அவனைக் கொண்டாடறாங்க. அவன் பேரை யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயமா இருக்கும். ஏன்னா, அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாம போனது அதே மாசம்தான். மறதி நோய். எங்க பெரியம்மாவுக்கும் இருந்தது. எனக்கும் ஆரம்பிச்சுடுச்சுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் கையாலே ஒருத்தனைக் கொன்னு, கையெழுத்தும் போட்டுட்டு, அது துளி ஞாபகம் இல்லைன்னா வேற என்ன?”

“அப்பவே ஆபீஸ்ல கேட்டிருக்கலாமே.”

“கேட்டா, இதோ உங்க கையெழுத்துதானேம்மான்னு எடுத்துக் காட்டுவாங்க. அதைப் பாக்கப் பயம். அதனாலதான் உங்களையே படிக்கச் சொன்னேன். நான் எங்க தடம் மாறினாலும் நீங்க பிடிச்சுடுவீங்கன்னு. பதினோரு வருஷமா ஒவ்வொரு வரியையும் மூணு தடவை படிக்கறேன். இப்ப கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டு, என்னை என்னாலயே நம்ப முடியலை. வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போறேன். எப்ப ஆரம்பிச்சதுன்னு கேப்பார். இந்தத் தாளைக் காட்டலாம்னு வரவழைச்சேன். காட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கலாம்னு தோணிச்சு. இது என்னுதுதானே?”

கதவில் ‘சாவி’. நிலையில் ‘அடுப்பு’. போனுக்கு மேலே தேதி. அவள் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தாள். உலகத்தில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்டாயிற்று. தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஒருத்தி இங்கே உட்கார்ந்திருப்பாள் என்று மட்டும் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. வேலையைப் பற்றிய பயம் இன்னும் போகவில்லை. பயத்தோடுதான் வாயைத் திறந்தாள்.

“அது உங்க கையெழுத்து இல்லைம்மா. நான் போட்டது.”

மழையம்மா முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பச்சைப் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

“போட்டுக் காட்டுங்க.”

போட்டாள். பதினோரு வருஷம் கழித்தும் கோடு சரியாகவே வந்தது. மழையம்மா இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார். அவர் புத்தகத்தில் கழுதைக்காரன் அரச ஆணையைப் பிடித்த மாதிரியே இருந்தது.

“சமையல்காரன் உங்களை என்ன பண்ணினான்?” என்றார்.

“ஒண்ணும் பண்ணலைம்மா. ஒரே இடத்துல வந்தான், கேக்கறதுக்கு ஆள் இல்லைன்னு நினைச்சேன். போன் எடுக்கலை, மணி நாலே கால், வேலை போயிடும்னு பயம். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும். புத்தகம் நல்லா ஓடிச்சு, அப்படியே விட்டுட்டேன்.”

மழையம்மா சமையலறைக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார், அணைந்துதான் இருந்தது. நிலையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தார். அதைக் கையிலேயே கசக்கி வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்று அழுதார். அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. அவள் கிட்டே போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

“இப்ப உங்ககிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. திட்டிடுவேன். போயிட்டு வாங்க.”

மறுநாள் காலை அவள் முதலாளியிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் கத்தினார். கதவு மூடியிருந்தும் பக்கம் அமைக்கிறவர் வரை கேட்டது. ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. மழையம்மா காலையில் போன் செய்து, எடுக்க வேண்டாம், ஆனால் என் புத்தகத்தை இனி அவங்க தொடவும் வேண்டாம் என்றாராம். அவளை அகராதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அகராதியில் யாரும் சாவதில்லை, யாரையும் காப்பாற்ற வேண்டியதும் இல்லை. ஏழாவது புத்தகத்தைப் புதிதாக வந்த ஒருத்தர் பார்த்தார். வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று இருந்துவிட்டாள்.

ஏழு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. வீட்டுக்காரர் கடையில் வாங்கிவந்து மூன்று நாள் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முப்பதாவது அத்தியாயத்தில் விரலை வைத்து அவளிடம் நீட்டினார். “இதைப் படி” என்றார்.

மழைக்காலப் பெட்டி கிடைத்துவிட்டது, திறக்கச் சாவி இல்லை. கழுதைக்காரன் பழைய பாலத்தின் ஓரம் நிற்கிறான். பள்ளத்திலிருந்து ஒருவன் ஏறி வருகிறான். தாடி நரைத்திருக்கிறது, கக்கத்தில் ஓர் உப்பு டப்பா. கழுதைக்காரன் எண்ணிப் பார்த்து, ‘இப்போது சரியாக இருக்கிறது’ என்கிறான். பிறகு, தன் இடத்தில் விழுந்தவனிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

‘விழுந்தது பரவாயில்லை, அடியில் புல் இருந்தது’ என்கிறான் சமையல்காரன். ‘நீ என் சுமையையும் சேர்த்து நன்றாகத்தான் சுமந்தாய், கேள்விப்பட்டேன். நான்தான் கால் இடறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பதினோரு வருஷம் கீழே உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, உன் கால் இடறவில்லை, பாலம்தான் அறுந்தது என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான்.’

அவள் அந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். எழுத்துகள் கலங்கின. கதைக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். பாலம் அறுந்து ஒன்பது வருஷம்தான் ஆகிறது. இரண்டாவது புத்தகத்தில் ஒரு வருஷம் ஓடுகிறது, நாலாவதில் மூன்று, ஆறாவதில் ஐந்து. பதினோரு வருஷம் என்பது எந்த வகையிலும் வராது. புதிதாக வந்தவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படிக்கிற ஒருத்தர் எழுதிய வரி அது.

“என்ன, ரொம்ப நேரமா ஒரே பக்கத்தைப் பாக்கற?” என்றார் வீட்டுக்காரர். “ஏதாவது தப்பு இருக்கா?”

“இல்லை” என்றாள் அவள். “சரியாத்தான் இருக்கு.”